ஓமன்: மலைநீரும் கடற்காற்றும் உருவாக்கிய நாடு

அரேபியத் தீபகற்பத்தின் தென்கிழக்கு முனையில் அமைந்துள்ள நாடு ஓமன். 'ஓமான்' என்றும் எழுதுவர். இதன் அதிகாரப்பூர்வப் பெயர் ஓமன் சுல்தானகம், தலைநகரம் மஸ்கட், ஆட்சிமொழி அரபு. அரபு நாடு என்றதும் எண்ணெய்க் கிணறும் மணற்காடும் நம் நினைவுக்கு வரும். ஓமனில் எண்ணெய் ஏற்றுமதி தொடங்கியது 1967இல்தான். அதற்கு முன் பல ஆயிரம் ஆண்டுகள் இந்த நாடு வாழ்ந்தது இரண்டு செல்வங்களைக் கொண்டு: ஒன்று மலையடிவாரத்தில் நிலத்துக்குக் கீழே கிடைத்த நீர், மற்றொன்று கப்பலை இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் தள்ளிச் சென்ற பருவக்காற்று. நீர் உள்நாட்டை வளர்த்தது. காற்று கடற்கரையை வளர்த்தது. இவ்விரு பகுதிகளும் ஒன்றாக நின்ற காலங்களில் ஓமன் வலிமை பெற்றது. பிரிந்து நின்ற காலங்களில் தளர்ந்தது. அந்நாட்டின் புவியியலையும் வரலாற்றையும், அதில் தமிழகத்துக்கு உள்ள தொடர்புகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

அமைவிடமும் பரப்பும்

ஓமனின் பரப்பு சுமார் 3,09,500 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல் இரண்டே கால் மடங்குக்கு மேல். தருமபுரி மாவட்டத்தைப் போல் ஏறத்தாழ 69 மடங்கு. ஆனால் மக்கள்தொகை 50 லட்சத்தைச் சற்றே தாண்டுகிறது. 2011 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தில் மட்டும் 15 லட்சம் பேர் இருந்தனர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு தருமபுரியில் 330 பேருக்கு மேல் வாழ, ஓமனில் 17 பேர் அளவில்தான் வாழ்கின்றனர். காரணம் எளிது: அந்நிலத்தின் பெரும்பகுதியில் குடிக்க நீர் இல்லை.

வடமேற்கில் ஐக்கிய அரபு அமீரகமும், மேற்கில் சவூதி அரேபியாவும், தென்மேற்கில் ஏமனும் ஓமனின் எல்லைகள். கிழக்கிலும் தெற்கிலும் அரபிக்கடல். வடகிழக்கில் ஓமன் வளைகுடா. நாட்டின் வடகோடியான முசந்தம் தீபகற்பம், அமீரகத்தின் நிலத்தால் துண்டிக்கப்பட்டுத் தனியே நிற்கிறது. பாரசீக வளைகுடாவின் எண்ணெய்க் கப்பல்கள் கடந்து செல்ல வேண்டிய ஒர்முசு நீரிணையின் தென்கரை இதுதான். உலக வரைபடத்தில் சிறியதாகத் தெரியும் இந்தப் பாறை முனை, உலக அரசியலில் பெரிய இடம் பெற்றிருப்பதற்கு இதுவே காரணம்.

நிலத்தோற்றம்

ஓமனின் வடபகுதியில் கடற்கரைக்கு இணையாக வில் போல் வளைந்து செல்கிறது அஜர் மலைத்தொடர். இதன் மிக உயர்ந்த சிகரமான ஜெபல் சம்ஸ் சுமார் 3,000 மீட்டர் உயரம். நம் தொட்டபெட்டாவை (2,637 மீட்டர்) விட உயரமானது. இம்மலையில் காணப்படும் கரும்பாறைகள் பல, ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தவை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தட்டுகள் மோதியபோது கடலடித் தரை உடைந்து நிலத்தின் மேல் ஏறிக்கொண்டது. கடலுக்கு அடியில் மட்டுமே காணக்கூடிய பாறை அடுக்குகளை இங்கே நடந்து சென்று பார்க்கலாம் என்பதால் உலகெங்கும் உள்ள நிலவியலாளர்கள் ஓமனுக்கு வருகின்றனர். இப்பாறைகளில்தான் ஓமனின் பழம்பெரும் செல்வமான செம்பும் கிடைத்தது.

மலைக்கும் கடலுக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய சமவெளி பாத்தினா. பேரீச்சந் தோப்புகளும் வயல்களும் மீனவர் ஊர்களும் நிறைந்த இப்பகுதியில்தான் மக்கள் நெருக்கமாக வாழ்கின்றனர். மலைக்கு அந்தப்புறம் உள்ளது 'உள்நாடு'. நிஸ்வா, பஹ்லா முதலிய பழைய ஊர்கள் அங்கே உள்ளன. அதற்கு அப்பால் சரளைக்கல் சமவெளி. அதன்பின் ரூப் அல் காலி என்னும் மாபெரும் மணற்பாலை. 'வெறுமையான கால்பங்கு' என்பது அப்பெயரின் பொருள்.

தென்கோடியில் தோபார் மாநிலம். அதன் தலைநகர் சலாலா. மஸ்கட்டிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் இப்பகுதியின் காலநிலையும் தாவரங்களும் வடபகுதியிலிருந்து முற்றிலும் வேறுபட்டவை.

காலநிலை

மஸ்கட்டில் ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. வறட்சிக்குப் பேர்போன தருமபுரியில் எண்ணூறு மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது என்பதோடு இதை ஒப்பிட்டால் ஓமனின் நிலைமை புரியும். கோடையில் வெப்பம் 45 பாகையைத் தாண்டுவதுண்டு. நாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. 'வாதி' எனப்படும் வறண்ட ஓடைகளில், மழை பெய்த சில மணி நேரம் மட்டும் வெள்ளம் பாய்ந்து அடங்கிவிடும். ஜெபல் அக்தர் என்னும் மேட்டு நிலம் மட்டும் குளிர்ச்சியானது. அங்கே படிக்கட்டு வயல்களில் மாதுளையும் பன்னீர் ரோஜாவும் விளைகின்றன.

தோபாரில் நிலைமை வேறு. நமக்கு மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை தரும் அதே தென்மேற்குப் பருவக்காற்று, ஜூன் முதல் செப்டம்பர் வரை தோபார் மலைகளையும் தொட்டுச் செல்கிறது. அரபியில் இப்பருவத்துக்குக் 'கரீப்' என்று பெயர். மூடுபனியும் தூறலும் சேர்ந்து, வறண்ட மலைச்சரிவுகளைச் சில வாரங்களில் பச்சையாக்கிவிடும். சலாலா சமவெளியில் தென்னையும் வாழையும் வளர்கின்றன. நம் ஊர்க்காரர் எவரேனும் அங்கே இறங்கினால் கேரளத்துக்கு வந்துவிட்டோமோ என்று ஐயுறுவர்.

பலாஜ்: நிலத்தடிக் கால்வாய்

ஆறில்லாத உள்நாட்டில் ஊர்கள் எப்படி உண்டாயின? அதற்கு விடை 'பலாஜ்' என்னும் நீர்ப்பாசன முறை.

மலையடிவாரத்தில் நீரூற்று உள்ள இடத்தைக் கண்டறிந்து முதலில் ஒரு 'தாய்க்கிணறு' வெட்டுவர். அங்கிருந்து ஊரை நோக்கி நிலத்துக்கு அடியில் சுரங்கம் போன்ற கால்வாய் தோண்டப்படும். அதன் சரிவு மிக மெல்லியதாக இருக்கும். சரிவு கூடினால் நீர் மண்ணை அரிக்கும், குறைந்தால் நீர் தேங்கும். வழியில் இடைவெளி விட்டு, மேலிருந்து செங்குத்தான துளைகள் அமைப்பர். காற்றோட்டத்துக்கும், உள்ளே இறங்கித் தூர் வாருவதற்கும் அவை பயன்படும். இறைப்புக் கருவி எதுவும் இல்லாமல், பூமியின் ஈர்ப்பு ஒன்றாலேயே நீர் பல கிலோமீட்டர் ஓடி ஊருக்குள் வெளிப்படும். ஓடையிலிருந்தும் ஊற்றிலிருந்தும் நேரே நீரைக் கொண்டுவரும் பலாஜ்களும் உண்டு.

நீர் ஊருக்குள் நுழைந்ததும் அதைப் பயன்படுத்தும் வரிசையும் முறைப்படுத்தப்பட்டுள்ளது. முதலில் குடிநீருக்கு, அடுத்துக் குளிக்கவும் பள்ளிவாசலில் உடல் தூய்மை செய்யவும், பிறகு பேரீச்சந் தோப்புக்கு, மிஞ்சினால் பருவப் பயிர்களுக்கு. வறட்சிக் காலத்தில் பருவப் பயிரைக் கைவிட்டு, பல ஆண்டு வாழும் பேரீச்சையைக் காப்பாற்றுவர்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிய நீர், அளவால் அல்லாமல் நேரத்தால் பங்கிடப்படுகிறது. 'அதர்' என்பது ஏறக்குறைய அரைமணி நேரப் பங்கு. பகலில் நட்ட கம்பின் நிழலைக் கொண்டும் இரவில் விண்மீன்களின் நகர்வைக் கொண்டும் நேரத்தைக் கணித்தனர். சில பங்குகளை ஏலம் விட்டு, அந்தப் பணத்தில் கால்வாயைப் பராமரிப்பர். இவற்றைக் கவனிக்க ஊரார் ஒரு 'வக்கீலை' அமர்த்துவர். தமிழக ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி என்றும் நீர்பாய்ச்சி என்றும் வழங்கப்பட்டவர் செய்த பணியும் இதுவே. ஏரி நீரை முறை வைத்துப் பாய்ச்சிப் பழகிய நம் உழவர்களுக்கு பலாஜின் கணக்கு எளிதில் விளங்கும்.

ஓமனில் இன்றும் சுமார் 3,000 பலாஜ்கள் பயன்பாட்டில் உள்ளன. அவற்றுள் ஐந்தை 2006இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது.

பழங்காலம்: செம்பும் நறும்பிசினும்

மெசபடோமியாவின் ஆப்பெழுத்துப் பலகைகளில் 'மகன்' என்னும் நாடு குறிக்கப்படுகிறது. செம்பும் கருங்கல்லும் அங்கிருந்து வந்தன என்று அவை கூறுகின்றன. இன்றைய ஓமனும் அதை ஒட்டிய அமீரகப் பகுதியும்தான் மகன் என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. ஓமனின் கிழக்கு முனையான ராஸ் அல் ஜின்ஸில் நடந்த அகழாய்வில் சிந்துவெளிப் பானை ஓடுகள் கிடைத்துள்ளன. ஆகவே 4,000 ஆண்டுகளுக்கு முன்பே இந்தியத் துணைக்கண்டத்துக்கும் ஓமனுக்கும் கடல்வழித் தொடர்பு இருந்தது உறுதியாகிறது.

தெற்கே தோபாரின் செல்வம் வேறு. கரீப் மழைமேகம் எட்டியும் எட்டாமலும் நிற்கும் மலையின் மறுபுறச் சரிவில் ஒரு சிறு மரம் வளர்கிறது. அதன் பட்டையைக் கீறினால் பால் போல் கசிந்து உறையும் பிசினே குந்திரிக்கம். பரங்கிச் சாம்பிராணி என்றும் சொல்வர். எகிப்து, கிரேக்கம், உரோம் ஆகிய நாடுகளின் கோயில்களில் இது பெருமளவில் புகைக்கப்பட்டது. இதை ஏற்றுமதி செய்யவே சலாலாவுக்குக் கிழக்கே கோர் ரோரி என்னும் கடற்கழியின் கரையில் சும்ஹுரம் என்ற துறைமுக நகரம் எழுந்தது.

அந்நகரின் இடிபாடுகளில் இத்தாலிய ஆய்வாளர்கள் 2006இல் ஒரு பானை ஓட்டைக் கண்டெடுத்தனர். அதில் தமிழ்-பிராமி எழுத்தில் 'ணந்தை கீரன்' என்ற பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. எழுத்தமைதியைக் கொண்டு அது கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது எனக் கணித்தனர். கீரன் என்பது சங்க காலத்தில் வழக்கில் இருந்த பெயர். நக்கீரர் பெயரிலும் அதைக் காணலாம். அவர் யார், எந்த ஊர் என்பதை அந்த ஓடு சொல்லவில்லை. ஆனால் தமிழ் எழுதத் தெரிந்த ஒருவரின் பெயர், குந்திரிக்கம் ஏற்றும் துறை வரை சென்றிருக்கிறது. எகிப்தின் செங்கடல் துறைமுகங்களான குசேர் அல் காதிமிலும் பெரனிகேயிலும் இது போன்ற தமிழ்ப் பெயர்கள் பொறித்த ஓடுகள் கிடைத்துள்ளன. மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது அரபிக்கடல் வணிகத்தில் தமிழரின் பங்கு தெளிவாகிறது.

இஸ்லாமும் இமாம் ஆட்சியும்

ஏமன் பக்கத்திலிருந்து குடிபெயர்ந்து வந்த அசத் முதலிய அரபுக் குலங்கள் ஓமனில் பரவின. கடற்கரையில் பாரசீகரின் செல்வாக்கு நிலவியது. கி.பி. 630 வாக்கில், நபிகள் நாயகத்தின் தூது வந்ததைத் தொடர்ந்து ஜுலந்தா குலத்தைச் சேர்ந்த சகோதர ஆட்சியாளர்கள் இஸ்லாத்தை ஏற்றனர்.

ஓமனில் வேரூன்றியது இபாதி என்னும் பிரிவு. இது சன்னி, சியா ஆகிய இரண்டிலிருந்தும் வேறுபட்டது. சமுதாயத்தின் தலைவரான இமாம், பிறப்பால் அல்லாமல் தகுதியால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். நெறி தவறினால் அவரை நீக்கலாம் என்பது இபாதிகளின் கொள்கை. எட்டாம் நூற்றாண்டின் நடுவில் ஓமனில் முதல் இமாம் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதுமுதல் இருபதாம் நூற்றாண்டு வரை, இடைவெளிகளுடன், இமாம் ஆட்சி நீடித்தது. நிஸ்வா அதன் மையம். மலையரணும் பலாஜ் நீரும் இருந்ததால், கடற்கரையைப் பிடித்த அன்னியர்களால் இந்த உள்நாட்டை எளிதில் அடக்க முடியவில்லை.

கடலோடிகளும் குதிரை வணிகமும்

கடற்கரையில் சோகார் பத்தாம் நூற்றாண்டில் பெருந்துறையாக விளங்கியது. ஓமனில் கப்பல் கட்டத் தக்க மரம் கிடையாது. மலபார்க் கரையிலிருந்து தேக்கு வந்தது. பலகைகளை ஆணியால் அறையாமல் தென்னை நார்க் கயிற்றால் தைத்துக் கப்பல் கட்டினர்.

அரேபியாவிலிருந்து தென்னிந்தியாவுக்கு வந்த சரக்குகளுள் விலை மிக்கது குதிரை. புகாருக்குக் கடல்வழியே குதிரைகள் வந்ததைச் சங்க இலக்கியமான பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டியர்கள் காயல் துறை வழியாக அவற்றைத் தொகை தொகையாக வாங்கினர். பாண்டிய மன்னர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், பராமரிக்கத் தெரியாததால் அவற்றுள் மிகச் சிலவே பிழைப்பதாகவும் மார்க்கோ போலோ எழுதினார். குதிரை அனுப்பிய துறைகளுள் தோபாரையும் அவர் பெயர் சொல்லிக் குறித்துள்ளார். ஓமனின் கல்ஹாத் துறையும் குதிரை வணிகத்தால் செழித்தது. அதன் இடிபாடுகள் 2018இல் உலக மரபுச் சின்னமாயின.

போர்த்துகீசியரும் யஅரூபா வம்சமும்

1507இல் போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க்கே ஓமன் கரைக்கு வந்து குரியாத், மஸ்கட் முதலிய துறைகளைத் தாக்கினார். மஸ்கட் எரிக்கப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ 140 ஆண்டுகள் அது போர்த்துகீசியர் கையில் இருந்தது. துறைமுகத்தின் இருபுறமும் இன்றும் நிற்கும் ஜலாலி, மிரானி கோட்டைகள் 1580களில் அவர்கள் எழுப்பியவை.

அவர்களை விரட்டிய ஆற்றல் கடற்கரையில் பிறக்கவில்லை, உள்நாட்டிலிருந்து வந்தது. 1624இல் இமாமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட யஅரூபா குலத்து நாசிர் பின் முர்ஷித், பிளவுபட்டிருந்த குலங்களை ஒன்றுசேர்த்தார். அவருக்குப் பின் வந்த சுல்தான் பின் சைப் 1650இல் மஸ்கட்டை மீட்டார். பிடிபட்ட கப்பல்களையும் சேர்த்து ஓமன் ஒரு கடற்படையை உருவாக்கியது. 1698இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் மொம்பாசாக் கோட்டையும் அவர்களிடம் வீழ்ந்தது. மலையும் கடலும் ஒரே ஆட்சியில் இணைந்ததன் விளைவு இது.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாரிசுச் சண்டை உள்நாட்டுப் போராக மாறியது. பாரசீகப் படை உள்ளே வந்தது. சோகாரின் ஆளுநராக இருந்த அகமது பின் சயித் அப்படையை எதிர்த்து நின்று, பின் இமாமானார். அவர் தொடங்கிய அல் பு சயித் வம்சமே இன்றும் ஓமனை ஆள்கிறது.

மஸ்கட், திப்பு சுல்தான், பாராமகால்

இக்காலத்தில் ஓமனின் வரலாறு இன்றைய தருமபுரிப் பகுதியின் வரலாற்றை ஓரிடத்தில் தொடுகிறது. அப்போது தருமபுரியும் கிருஷ்ணகிரியும் பாராமகால் என்ற பெயரில் மைசூர் அரசின் கீழ் இருந்தன. ஐதர் அலிக்குப் பின் ஆண்ட திப்பு சுல்தான், அரசே கடல் வணிகம் செய்ய வேண்டும் என்று கருதியவர். அவர் மஸ்கட்டில் ஒரு வணிகக் கோட்டி அமைத்தார். மங்களூர்த் துறையிலிருந்து அரிசி, மிளகு, ஏலம், சந்தனம் ஆகியன மஸ்கட்டுக்குச் சென்றன. அரிசி விளையாத ஓமனுக்கு இந்த வணிகம் மிகவும் தேவைப்பட்டது.

1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு தன் நாட்டில் பாதியை இழந்தார். பாராமகால் ஆங்கிலக் கம்பெனிக்குச் சென்றது. கேப்டன் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கு நிலத்தை அளந்து வரி வகுத்தனர். பின்னாளில் ரயத்துவாரி முறையாக விரிந்தது அந்தப் பணியே.

அதே பத்தாண்டில் ஆங்கிலேயரின் பார்வை மஸ்கட்டின் மேலும் விழுந்தது. திப்புவும் பிரெஞ்சுக்காரரும் கைகோத்துவிடுவர் என்று அவர்கள் அஞ்சினர். எகிப்தைப் பிடித்த நெப்போலியன், 1799இல் மஸ்கட் ஆட்சியாளருக்கு எழுதிய மடலுடன் திப்புவுக்கும் ஒரு மடல் வைத்து அனுப்பினார். அது ஆங்கிலேயரிடம் சிக்கியது. அதற்கு முன்பே, 1798இல், பிரெஞ்சுக்காரருக்கு இடம் கொடுப்பதில்லை என்று மஸ்கட் ஆட்சியாளரிடம் கம்பெனி உடன்படிக்கை பெற்றிருந்தது. 1799 மே மாதம் திப்பு போரில் இறந்தார். மைசூரை வீழ்த்திய அதே போட்டிதான் ஓமனை ஆங்கிலேயரின் பக்கம் இழுத்துச் சென்றது.

சான்சிபார்ப் பேரரசும் பிரிவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் சயித் பின் சுல்தான் ஓமனைக் கடற்பேரரசாக்கினார். கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபார்த் தீவைத் தலைநகராக்கிக் கொண்டார். அங்கே கிராம்புத் தோட்டங்கள் உருவாயின. 1840இல் அவருடைய கப்பல் ஒன்று நியூயார்க் வரை சென்றது. இந்த வளத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: கிராம்புத் தோட்டங்களில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவின் உள்பகுதியிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். சான்சிபாரின் அடிமைச் சந்தை 1873இல்தான் மூடப்பட்டது.

சயித் 1856இல் இறந்ததும் மகன்களுக்குள் வழக்கு எழுந்தது. இந்திய வைஸ்ராய் கானிங் 1861இல் தீர்ப்பளித்தார். சான்சிபார் ஒரு மகனுக்கும் மஸ்கட் மற்றொரு மகனுக்கும் பிரிக்கப்பட்டன. செல்வம் மிக்க பாதி கைநழுவியது. அதே காலத்தில் நீராவிக் கப்பல்கள் வந்தன. காற்றை நம்பி ஓடிய பாய்மரக் கப்பல்களின் காலம் முடிந்தது. மஸ்கட் வறுமையில் ஆழ்ந்தது.

கடற்கரை தளர்ந்தபோது உள்நாடு மீண்டும் தனியே எழுந்தது. 1913இல் இமாம் ஆட்சி புத்துயிர் பெற்றது. 1915இல் இமாமின் படை மஸ்கட்டின் வாயிலை எட்டியபோது அதைத் தடுத்து நிறுத்தியது பிரித்தானிய இந்தியப் படை. 1920இல் சீப் உடன்பாட்டின்படி, கடற்கரையைச் சுல்தானும் உள்நாட்டை இமாமும் தனித்தனியே நிர்வகித்தனர். நாட்டின் பெயரே 'மஸ்கட்டும் ஓமனும்' என்று இருந்தது. அந்தப் பெயரில் இருந்த 'உம்' நாட்டின் பிளவைச் சொல்லிக்கொண்டிருந்தது. எண்ணெய் தேடும் பணி உள்நாட்டை நோக்கி நகர்ந்ததும் மோதல் வெடித்தது. ஆங்கிலேயர் துணையுடன் சுல்தானின் படை 1959இல் ஜெபல் அக்தரைக் கைப்பற்றியது. இமாம் ஆட்சி முடிவுக்கு வந்தது.

எண்ணெயும் 1970உம்

1932 முதல் ஆண்ட சுல்தான் சயித் பின் தைமூர், அஜ்மீரின் மேயோ கல்லூரியில் படித்தவர். ஆனால் தம் மக்களுக்குக் கல்வி தர அவர் தயங்கினார். 1970இல் நாடு முழுவதற்கும் மூன்று பள்ளிகளே இருந்தன; தார்ச்சாலை பத்துக் கிலோமீட்டர் அளவுதான். இரவில் மஸ்கட்டின் நகரவாயில் அடைக்கப்படும். அதன்பின் தெருவில் நடப்பவர் கையில் விளக்கு ஏந்த வேண்டும். தோபாரில் 1960களின் நடுவில் கிளர்ச்சி மூண்டது.

1970 ஜூலை 23 அன்று சுல்தானின் மகன் காபூஸ் தந்தையை அகற்றி ஆட்சியைப் பிடித்தார். நாட்டின் பெயரை 'ஓமன் சுல்தானகம்' என்று மாற்றினார். பெயரிலிருந்த பிளவு நீங்கியது. எண்ணெய் வருவாய் பள்ளி, மருத்துவமனை, சாலை ஆகியவற்றுக்குச் சென்றது. 1975 இறுதியில் தோபார்ப் போர் ஓய்ந்தது. ஐக்கிய நாடுகளின் 2010 மனித வளர்ச்சி அறிக்கை, முந்தைய நாற்பது ஆண்டுகளில் மிகுதியாக முன்னேறிய நாடு என்று ஓமனைச் சுட்டியது. எனினும் இறுதி அதிகாரம் சுல்தானிடமே இருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஆலோசனை மன்றத்தின் அதிகாரம் வரம்புக்கு உட்பட்டது. 2020 ஜனவரியில் காபூஸ் மறைந்தபின் ஹைதம் பின் தாரிக் சுல்தானானார்.

இந்தியாவும் ஓமனும் இன்று

1970 வரை ஓமனில் புழங்கிய பணம் ரூபாய்தான். வளைகுடா நாடுகளுக்கென்று இந்திய ரிசர்வ் வங்கி 1959 முதல் தனியே நோட்டு அச்சிட்டது. அதற்குப் பின் ஓமன் தன் ரியாலை வெளியிட்டது. அந்த ரியாலின் ஆயிரத்தில் ஒரு பங்கின் பெயர் 'பைசா'. நம் பைசாவே அது.

இன்று ஓமனில் வாழ்வோரில் பத்தில் நான்கு பேருக்கு மேல் வெளிநாட்டவர். பல லட்சம் இந்தியர்கள் கட்டுமானம், கடைகள், மருத்துவமனைகள், அலுவலகங்கள், வீட்டுவேலை எனப் பல துறைகளில் பணியாற்றுகின்றனர். தமிழரும் அவர்களுள் அடங்குவர். மஸ்கட்டில் குஜராத்தி வணிகர்கள் வளர்த்த பழமையான சிவன் கோயில் உள்ளது.

வேலைக்குச் செல்ல எண்ணுவோர் சிலவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெறாதவர்கள் ஓமனுக்கு வேலைக்குச் செல்ல இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். பதிவு பெற்ற முகவர் வழியே செல்வது பாதுகாப்பானது. ஒப்பந்தம் முடிந்தபின் வேறு முதலாளியிடம் சேர, பழைய முதலாளியின் தடையின்மைச் சான்று தேவை என்ற விதியை ஓமன் 2021 ஜனவரி முதல் நீக்கியது. மறுபுறம், பல பணிகளைத் தம் குடிமக்களுக்கே ஒதுக்கும் கொள்கையையும் அந்நாடு பின்பற்றுகிறது. ஆகவே அங்கே போவோரின் வாய்ப்புகள் முன்போல் இருக்கும் என்று கொள்ள முடியாது.

எண்ணெய்க்குப் பின்

ஓமனின் எண்ணெய் வளம் அண்டை நாடுகளினுடையதை விடக் குறைவு. எடுப்பதற்குச் செலவும் அதிகம். அதனால் சோகார், துக்ம், சலாலா ஆகிய துறைமுகங்களையும் சுற்றுலாவையும் அந்நாடு வளர்த்து வருகிறது. வளர்ச்சிக்கும் காப்புக்கும் இடையே இழுபறி உண்டு. காட்டில் அற்றுப்போன அரேபிய ஓரிக்ஸ் மான்களை ஓமன் 1982இல் மீண்டும் பாலையில் விட்டது. அவற்றின் காப்பகம் 1994இல் உலக மரபுச் சின்னமானது. பின்னர் எண்ணெய்த் தேடலுக்காகக் காப்பகத்தின் பரப்பை 90 விழுக்காடு குறைத்தனர். 2007இல் யுனெஸ்கோ அதைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட முதல் சின்னம் அதுவே.

இதைவிடப் பெரிய கவலை நீர். நகரங்களின் குடிநீரில் பெரும்பகுதி இப்போது கடல்நீரைச் சுத்திகரித்துப் பெறப்படுகிறது. பாத்தினாக் கரையில் மோட்டார் வைத்து நிலத்தடி நீரை மிகையாக இறைத்ததால், கடல்நீர் நிலத்துக்குள் புகுந்து தோப்புகள் கெட்டுள்ளன. உள்நாட்டில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகிய இடங்களில் பலாஜ்கள் வற்றுகின்றன. ஆழ்துளைக் கிணறு போட்டபின் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு வறண்டதைப் பார்த்த தருமபுரி உழவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டிலும் சிக்கல் ஒன்றே. பலாஜும் ஏரியும் எல்லோருக்கும் பொதுவான நீரை முறை வைத்துப் பகிர்ந்தன. அதைப் பராமரிக்கும் பொறுப்பும் பொதுவாக இருந்தது. மோட்டார் வந்ததும் ஆழம் போக வசதி உள்ளவருக்கே நீர் என்றாயிற்று. தூர் வார ஆளில்லாமல் போயிற்று. ஓமன் அரசு தாய்க்கிணறுகளுக்கு அருகே புதுக்கிணறு தோண்டுவதைக் கட்டுப்படுத்தி, பழைய பலாஜ்களைச் செப்பனிட்டு வருகிறது. மழை நூறு மில்லிமீட்டரே பெய்யும் ஒரு நாட்டில் ஊர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிலைத்ததற்கு, நீரைக் கண்டுபிடித்த திறமை ஒரு காரணம் என்றால், அதைப் பங்கிட்ட ஒழுங்கு மற்றொரு காரணம். எண்ணெய் தீர்ந்தாலும் ஓமனுக்கு எஞ்சப்போவது அந்த ஒழுங்குதான். அதைப்போல் எட்டு மடங்கு மழை பெறும் நம் மாவட்டத்துக்கும் அது தேவைப்படுகிறது.